அறிவியல் கண்காட்சியில் கிடைத்த வெண்கலம்

அப்பா இன்னும் தூங்கவில்லை. போர்வைக்குள் இருந்து எழுதுகிறேன். நம் ரிலே டீமில் யாரும் இப்போது போன் செய்யாதீர்கள்.

தேசிய இளையோர் குளிர்கால விளையாட்டில், ஐஸ் ஸ்கேட்டிங் ரிலேயில் நம் தமிழ்நாடு மூன்றாவதாக வந்ததும், கடைசிச் சுற்றில் போனது நான் என்பதும் உங்களுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. போன வருடம் என் கை உடைந்ததிலிருந்து வீட்டில் ஸ்கேட்டிங்கே கூடாது. அறிவியல் கண்காட்சி என்று சொல்லிவிட்டுப் போனேன்.

இன்று சிம்மக்கல்லில் டியூஷன் முடிந்து அப்பாவின் ஷேர் ஆட்டோவிலேயே அவனியாபுரம் திரும்பினேன். சிக்னலில் ஒரு பயணி நம் ரிலே வீடியோ ஓடும் போனை அப்பாவிடம் நீட்டினார்.

"அண்ணே, இதப் பாருங்க. பனியவே பாக்காத நம்ம புள்ளைக, மூணாவதா வந்துருக்குக!"

ஹெல்மெட்டில் என் முகம் தெரியவில்லை. ஆனால் கிளம்பும் முன் குனிந்து, ஷூவின் பிளேடைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறேன். தினமும் காலையில் அப்பா ஆட்டோவின் முன் டயரைத் தொட்டு ஒற்றிக்கொள்வாரே, அப்படியே. பிறகு முடிவுக் கோட்டைத் தாண்டியும் நிற்கத் தெரியாமல் மெத்தைச் சுவரில் போய் மோதுகிறேன்.

"இன்னொருக்கா போடு தம்பி" என்றார் அப்பா. பச்சை விழுந்து, பின்னால் எல்லோரும் ஹாரன் அடித்தார்கள்.

இரவு சாப்பிடும்போது கேட்டார்.

"கண்காட்சியில எத்தனாவதா வந்த?"

"மூ... மூணாவதுப்பா."

என் தட்டில் இன்னொரு தோசையை வைத்தார்.

"அம்புட்டு வேகமாப் போறவ, மொதல்ல பிரேக்குப் பிடிக்கக் கத்துக்கிறணும்ல?"

அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

பயமாகவும் இருக்கிறது, சிரிப்பும் வருகிறது. சொல்லுங்கள், அரிசி டப்பாவிலிருந்து மெடலை வெளியே எடுக்கலாமா?