ஒப்பாரி வட்டத்தில் இளவேனிலின் இடம்

இளவேனில் பாடிய கேசட் எந்தக் கடையிலும் கிடைக்காது. தேடி அலைய வேண்டாம். அதைப் பதிவு செய்தவன் நான். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி அங்கப்பன் மைக்செட் எங்கே என்று கேட்டால் யாரானாலும் கை காட்டுவார்கள். கூடவே, "அந்த ஆளுக்கு மூக்குக்கு மேல கோவம் வருமுங்க, பாத்துப் பேசுங்க" என்றும் சொல்லி அனுப்புவார்கள். சொல்லிக்கொள்ளட்டும்.

நான் சவுண்ட் போடும் ஆர்கெஸ்ட்ராவில் பாட வந்தவள்தான் இளவேனில். பிழைப்புக்கு மில்லில் நூல் சுற்றும் வைண்டிங் வேலை. மெஷின் ஓடும் இரைச்சலில் யார் காதிலும் விழாது என்பதால் புதுப் பாட்டுகளை அங்கேதான் தைரியமாகப் பாடிப் பார்ப்பாளாம். பிறந்தது வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில். அப்பா மாசாணம் யூனியன்காரர். ஏதோ கூட்டத்தில் கேட்ட சொல் பிடித்துப்போய், லயத்தில் யாருக்கும் இல்லாத பேரை மகளுக்கு வைத்தார். அம்மா பழனியாத்தாள் கொழுந்து பறிக்கிறவர். அந்த மலையில் எங்கே சாவு விழுந்தாலும் முதல் ஆள் அவரைக் கூப்பிடத்தான் ஓடும். அவர் ஒப்பாரி எடுத்தால், செத்தவனோடு பத்து வருஷம் பேசாதிருந்தவனும் அழுதுவிடுவான் என்று இளவேனில் சொல்வாள்.

தொண்ணூற்றொன்றில் என்று நினைக்கிறேன், குவைத்திலிருந்து வந்த ஒருத்தர் நகல் எடுக்கச் சொல்லி ஒரு பெட்டி கேசட்டைக் கடையில் போட்டுவிட்டுப் போனார். ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். ஒரு கிட்டார், ஒரு பெண் குரல், வேறொன்றும் இல்லை. மைக் வாங்க வந்த இளவேனில் அப்படியே நின்றுவிட்டாள்.

"அங்கப்பண்ணா, இந்தம்மா ஆருக்கு அழுகுதுங்க? ஆரு செத்துப்போனாங்க?"

"இது ப்ளூஸுன்னு அமெரிக்காக் கறுப்புச் சனங்க பாட்டு அம்மணி. சாவுப் பாட்டு இல்ல" என்றேன், என்னமோ எல்லாம் தெரிந்தவன் மாதிரி.

"இல்லீங்ணா. ஆரோ போயிட்டாங்க. பாட்டுலயே தெரியுதுங்க."

அந்தக் கேசட்டை நான் திருப்பிக் கொடுக்கவே இல்லை. அவள் கிட்டார் படிப்பதற்காகவே சர்ச் கொயரில் போய்ச் சேர்ந்தாள். கைவிரல் காய்த்துப்போகும் வரை படித்தாள். அடிவயிற்றிலிருந்து குரல் எடுக்கவும் அங்கேதான் கற்றுக்கொண்டாள். அம்மாவின் ஒப்பாரி, கேசட்டுக்காரியின் ஏக்கம், கொயரின் குரல் மூன்றும் அவளிடம் ஒன்றாகிவிட்டன. தானே எழுதுவாள், தானே மெட்டுக் கட்டுவாள். அதற்கு என்ன பேர் வைப்பதென்று எனக்கு இன்றுவரை தெரியாது. கேட்டால் கை செய்த வேலை பாதியில் நிற்கும், அவ்வளவுதான் தெரியும்.

மறு வருஷம் ஆடியில் மாசாணம் போய்விட்டார். எஸ்டேட்டிலிருந்து மில் ஆபீசுக்குப் போன் வந்தது. அவள் லீவு போட்டுவிட்டு எங்களோடு அவிநாசிப் பக்கம் கச்சேரிக்கு வந்திருந்தாள். சேதி கிடைத்து மலை ஏறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மலையில் பேய்மழை, பிணத்தை வைத்திருக்க வழியில்லை.

அவர்கள் லயத்தில் ஒரு வழக்கம். ஒப்பாரிக்குப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி தோளில் ஒருத்தி கை போட்டுக்கொள்வார்கள். செத்தவரின் மனைவிக்கு வலப்பக்கம் மகளின் இடம். அதில் வேறு யாரும் உட்காரக் கூடாது. பழனியாத்தாள் அந்த இடத்தைக் காலியாக வைத்து, வலது கையை மடியில் போட்டுக்கொண்டு, வாசலைப் பார்த்துப் பார்த்துப் பாடியிருக்கிறார். ஊர்ச் சாவுக்கெல்லாம் தோள் கொடுத்தவருக்குச் சொந்த வீட்டுச் சாவில் மகளின் தோள் இல்லை. நனைந்துபோய் வந்து நின்ற மகளிடம் அவர் சொன்னது இவ்வளவுதான்: "பாடத்தான போனே? போயிப் பாடு. இனி இந்த ஊட்டுப் படி ஏறாத."

அன்றோடு பேச்சு அறுந்தது. இளவேனில் எழுதிப் போட்ட கடிதங்களும் பிரிக்காமலேயே திரும்பி வந்தன. அதற்குப் பிறகு அவள் கட்டிய பாட்டெல்லாம் அந்தக் காலி இடத்தைச் சுற்றித்தான். அம்மா ஒரு தடவை கூப்பிட்டால் போதும், வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஒருமுறை கோயில் நோம்பித் திருவிழாக் கச்சேரியில் சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே தன் பாட்டொன்றை எடுத்துவிட்டாள். கமிட்டிக்காரர் லட்சுமணசாமி மேடை ஏறி வந்தார். "ஏனுங்க அங்கப்பண்ணா, மைக்கை நிறுத்துங்க! நோம்பி நடக்கற எடத்துல எழவுப் பாட்டுங்களா?"

"இத்தன நேரம் சினிமாப் பாட்டுக்குச் சீட்டு எழுதிக் குடுத்து ஆடுனீங்களே, ஒரு பாட்டு சும்மா கேட்டா காது அறுந்தா போயிருமுங்க?" என்று நானும் பதிலுக்குக் கத்தினேன். ஆர்கெஸ்ட்ரா அதோடு அவளைக் கழற்றிவிட்டது. அந்தக் கமிட்டி என்னையும் அப்புறம் கூப்பிடவில்லை. போங்கடா என்று விட்டுவிட்டேன்.

ஆர்கெஸ்ட்ரா இல்லாவிட்டால் என்ன, தனியாகவே கேசட் போடலாம் என்று முடிவு செய்தோம். என் குடோனில் சுற்றிலும் ஜமுக்காளம் கட்டித் தொங்கவிட்டு, ஃபேனை நிறுத்தி, வியர்க்க வியர்க்கப் பதிவு செய்தோம். முதல் பாட்டு அம்மாவுக்கு.

*மேகம் எறங்கி வந்து*
*மேட்டு லயம் மூடயில*
*ஆத்தா பழனியாத்தா*
*அழுதியே ஒத்தையில.*
*தோள் குடுக்கப் பெத்த மக*
*தூரத்துல பாடயில*
*தொணைக்கொரு தோளில்லாம*
*தொவண்டியே வாசலிலே.*

டவுனில் கேசட் கடைக்காரர் அட்டையைப் புரட்டிப் பார்த்தார். "சாமி படமும் இல்ல, சினிமாப் படமும் இல்ல. இத எந்த ரேக்குலீங்க வெக்கறது?" என்றார். அதனால் டெம்போ, லாரி ஓட்டுகிறவர்களுக்குக் கொடுத்தோம். வால்பாறைக்குக் காய்கறி லோடு ஏற்றிப் போகும் அப்துல் முத்தலிப் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அம்மா காதில் எப்படியாவது விழாதா என்ற ஆசையில் அதை அவர் கையில் கொடுக்கும்போது இளவேனிலின் முகம் மலர்ந்திருந்தது.

அடுத்த வாரம் முத்தலிப் லாரியை நிறுத்திவிட்டுக் கடைக்குள் ஓடி வந்தார்.

"அண்ணே, உசுரோட இருக்கற பொம்பளையக் கொன்னுபோட்டனுங்கண்ணே!"

எஸ்டேட் கடை முன்னால் லாரியை நிறுத்தி, பாட்டைப் பெரிசாக வைத்துவிட்டு மூட்டை இறக்கியிருக்கிறார். கொழுந்து எடை போட்டுவிட்டு வந்த பெண்கள் நின்று கேட்டிருக்கிறார்கள். ஒப்பாரி மெட்டு, பாடுவது இளவேனில், பேர் பழனியாத்தாள். உயிரோடு இருக்கிறவரின் பேரை வைத்து அந்த மெட்டில் அங்கே யாரும் பாடியதே இல்லை. மகள் பாடுகிறாள் என்றால் அம்மா போய்விட்டார் என்றுதான் அர்த்தம். கொஞ்ச நேரத்தில் மாலையும் கோடித்துணியுமாக ஜனம் பழனியாத்தாள் வீட்டு வாசலில் கூடிவிட்டது. அவரோ மேல்காட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தார்.

சேதி கேட்டு இளவேனில் கிட்டாரோடு கடைக்கு வந்தாள். "இருக்கறவளுக்கு ஒப்பாரி பாடுனா ஆயுசு கொறையும்னு சொல்லுவாங்கண்ணா. இனி ஆத்தா என்ற மொகத்துலயே முழிக்காது. கேசட்டையெல்லாம் திருப்பி வாங்கிருங்க. நான் இனிப் பாடலீங்க." கிட்டாரை என் கடையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தை யார்மேல் காட்டுவதென்று தெரியவில்லை. பாவம், முத்தலிப் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துணிப்பையோடு ஒரு அம்மா கடை வாசலில் வந்து நின்றார். கொழுந்துக் கூடைக் கயிறு அழுத்தி அழுத்தி நெற்றியில் தழும்பு.

"ஏனுங்க, சாகாதவளுக்குப் பாட்டுப் பாடற புள்ள இங்கதானுங்க இருக்குது?"

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். மில்லுக்கு ஆளனுப்பினேன். ஷிப்ட் முடிந்து தலையெல்லாம் பஞ்சோடு ஓடி வந்தவள், அம்மாவைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டாள்.

"ஆத்தா, உன்ற காதுல உழுகோணும்னுதான் பாடுனேன். இப்பிடி ஆகும்னு..."

"சித்த நேரம் சும்மா இரு கண்ணு. நான் சொல்றதக் கேளு" என்றார் பழனியாத்தாள். "கூடையோட ஊட்டுக்கு வாரேன், வாசல்ல வட்டங்கட்டி எனக்கு அழுகறாளுக. ஆரும் என்னையத் திரும்பிப் பாக்கல. நானும் கூப்புடல. என்ற எழவை நானே நின்னு பாத்தேன். மக எடம் காலியாக் கெடந்துச்சு. நாந்தான வராதேன்னு சொல்லிப்போட்டேன்? நான் நெசமாப் போனாலும் அந்த எடம் அப்பிடியேதான கெடக்கும்? அதப் பாத்த பொறகு எனக்கு அங்க இருப்புக் கொள்ளல."

இளவேனில் ஓவென்று அழுதாள். நானும் அழுதேன், மறைப்பானேன்.

"எனக்கு இப்பப் பாட வேண்டாம். நான் இன்னும் கொழுந்து பறிக்கோணும். உங்கப்பனுக்குப் பாடு. அவருக்கு நீ இன்னும் பாடவே இல்ல."

நான் கிட்டாரை எடுத்து நீட்டினேன். இளவேனில் தயங்கி அம்மாவைப் பார்த்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. பாயை விரித்துப் போட்டேன். இருவரும் உட்கார்ந்தார்கள். முறைப்படி மகளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்த பழனியாத்தாள், அவள் முதுகைச் சுற்றி வலது தோளில் கை போட்டு இறுக்கிக்கொண்டார். அந்தப் பாரத்தில் கம்பியை மீட்டும் கை அசையவில்லை. தந்தி டொக்கென்று ஒரு சத்தம் போட்டு நின்றது. பழனியாத்தாள் அந்தக் கையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் கையை மேலே எடுத்து, மகளின் கழுத்தோரம், மீட்டும் கைக்குத் தொந்தரவில்லாத இடமாகப் பார்த்து வைத்துக்கொண்டார்.

"இப்பப் பாடு."

மகள் எடுத்தாள், அம்மா சேர்ந்துகொண்டார். நான் எதையும் பதிவு செய்யவில்லை. எழுந்து போய் வாசலில் நின்றுகொண்டேன். பஸ்ஸுக்குப் போய்க்கொண்டிருந்த ஒருத்தர் சத்தம் கேட்டு நின்று, தோளில் கிடந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"ஏனுங்க, ஆருங்க தவறிட்டாங்க?"

"மாசாணம்னு ஒருத்தருங்க" என்றேன். "மூணு வருசமாச்சு. இன்னைக்குத்தான் மக வந்திருக்குது."