ராணியின் பூச்சாடியும் ரீட்டாவின் கறிவேப்பிலையும்

பழஞ்சாமான் யாவாரத்தில் பொருளைக்கூட நம்பலாம், கொண்டு வாற ஆளை நம்பேலாது. கடை வச்சு நொந்த உங்களுக்கு இதை நான் சொல்லவே வேணும்?

தேய்ச்ச கோப்பை

பிரான்சிலை, லா சப்பலில் இருக்கிற என்ர கடைக்கு ஒருத்தர் சீனக் கோப்பையொண்டு கொண்டு வந்தார். முந்நூறு வருசப் பழசாம். சீன அரண்மனைப் பீங்கான் எண்டால் அடியில் அரசரின்ர பேர் இருக்கும். கவிழ்த்தன், இருந்தது. ஈரத்துணியால் ஒரு தேய் தேய்ச்சன், அரசர் துணியோடை வந்திட்டார். மனுசன் கூசவே இல்லை.

"அண்ணை, நீங்கள் தேய்ச்சதாலைதானே போனது!"

போலி எண்டால் சந்தோசம்

மன்னார் ரீட்டா ஒரு வயசான பிரெஞ்சு மனுசியைப் பராமரிக்கிறவள், 'மடம்' எண்டுதான் அவவைக் கூப்பிடுவாள். அந்த மடம் குடுத்த பூச்சாடியில் கறிவேப்பிலை வச்சிருந்தாள். இப்ப மடத்தின்ர மகன் "அம்மாவின்ர சாடி எங்கை?" எண்டு கேக்கிறானாம். செடியைக் கிளப்பிப்போட்டு, அசலோ எண்டு பார்க்கச் சாடியை என்னட்டைக் கொண்டு வந்தாள். இளம்பச்சை நீலம், அதிலை கறுப்பு மையால் வரைஞ்ச பூக்கள். அடியில் ஓட்டை, அரசரின்ர பேர் இல்லை. எழுத்தோ விளிம்புக்குக் கீழை, கடைப் பலகை மாதிரி முன்னுக்கு நிண்டது. போலி எண்டன். அவளின்ர முகம் மலர்ந்துது. போலிக்கு ஆர் சந்தோசப்படுவினம்? எனக்கு அவளிலையே சந்தேகம் வந்திட்டுது.

"மாதாவே! இனி ஆரும் என்னைக் கள்ளியெண்டு சொல்லேலாது."

ராணியின்ர ருசி

மனம் கேக்கேல்லை. பெல்வில்லில் பீங்கான் விக்கிற சீனத்தி மடம் லின்னுக்குப் படம் அனுப்பினன். அடுத்த மெத்ரோ ரயிலிலேயே வந்திட்டா. மகனைச் சிம்மாசனத்திலை இருத்திப்போட்டு நாட்டைத் தானே ஆண்ட ஒரு ராணி, தன்ர ருசிக்குச் செய்விச்ச சாடியாம். நிறமும் பூவும் அவவின்ர விருப்பம். ஓட்டை செடித் தண்ணி வடிய. விளிம்பிலை நிண்ட எழுத்தும் அவவின்ர மண்டபத்தின்ர பேர்தான்.

"நீர் ஆம்பிளையின்ர பேரை அடியிலை தேடினீர், அவ தன்ரையை முகத்திலை போட்டிருக்கிறா."

திருப்பிக் குடுத்தது

அசல் எண்டு சொன்னதும் ரீட்டா வெளிறிப் போனாள். அண்டைக்கே கொண்டுபோய் மகனிட்டைக் குடுத்தாள். தாய் "நான்தான் குடுத்தனான்" எண்டு சொல்லியும், அவன் சாடியைத் தடவிப் பார்த்துப்போட்டு, "இவ்வளவு நல்ல சாமானைத் திருப்பித் தாறாய் எண்டால், வேறை என்ன எடுத்தனி?" எண்டு கேட்டானாம். ரீட்டா அழேல்லை.

"சாடியையும் வேலையையும் அங்கையே வச்சிட்டு வந்திட்டன், அண்ணை."

சந்தேகப்படுறது எங்களுக்குப் பிழைப்பு, மடத்தின்ர மகன் அதைச் சம்பளமில்லாமலே செய்யிறான்.