கறுப்புச் சட்டையில் வெள்ளைப் புள்ளிகள்

அந்தத் தையல் கம்பெனியில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. லென்ஸ் அக்கா என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். தைத்து முடித்த சட்டைகள் பெட்டிக்குள் போவதற்கு முன்னால் கடைசியாக அவள் மேஜைக்கு வரும். குழல்விளக்குக்கு அடியில் சட்டையை விரித்து, காலரைத் தூக்கி, கையை உள்பக்கம் திருப்பி, அரை நிமிடத்துக்குள் பார்த்துவிடுவாள். விட்டுப்போன தையல், பிசிறு, எண்ணெய்க் கறை எதுவாக இருந்தாலும் அந்த இடத்தில் அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கர் விழும். அவள் கண்ணில் மண்ணைத் தூவிவிட்டு ஒரு சட்டைகூட வெளியே போனதில்லை என்று லைன் சூப்பர்வைசரே சொல்வார்.

அப்பேர்ப்பட்டவள், தன் உடம்பில் வந்ததைப் பார்க்காமல் விட்டாள். அது முதல் பிரசவத்தின்போது.

ஏழாவது மாதம் பிறந்ததும் கால் வீங்கியது. தன் செருப்பு ஏறாமல் புருஷனுடைய செருப்பைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள். அவன் லிஃப்ட் மெக்கானிக். "என் செருப்பு உனக்குச் சரியா இருக்கற அளவுக்கு நீ பெரிய ஆளாயிட்டியா" என்று கிண்டல் செய்தான். இரண்டு பேரும் சிரித்தார்கள். பக்கத்துத் தெருவில் இருந்த நாத்தனார், "மாசமா இருந்தா கால் வீங்கத்தான் செய்யும். நான் மூணு பெத்தேன், ஒரு மாத்திரை போட்டதில்ல" என்றாள். பிறகு தலைவலி வந்தது. சரக்கு அனுப்பும் வாரம் என்பதால் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய நாளைத் தள்ளிப்போட்டாள். பத்து நாள்தானே என்று நினைத்தாள். எட்டாவது நாள் சாயங்காலம் வீட்டு மாடிப்படியில் விலா எலும்புக்குக் கீழே சுரீரென்று ஒரு வலி எடுத்தது. கைப்பிடியைப் பிடித்ததுதான் ஞாபகம்.

கண் விழித்தபோது வயிறு தட்டையாக இருந்தது. ரத்த அழுத்தம் தலைக்கு ஏறிவிட்டதாகவும், இன்னும் ஒரு மணி நேரம் போயிருந்தால் இரண்டு உயிரும் தங்கியிருக்காது என்றும் சொன்னார்கள். குழந்தையை நான்காவது நாள்தான் பார்த்தாள். ஒன்றே கால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு குருவிக்குஞ்சு மாதிரி கிடந்தது. முப்பத்தொரு நாள் அந்தப் பெட்டியில் இருந்தது. குருவி மாதிரி இருந்ததால் வீட்டில் சிட்டு என்று கூப்பிட ஆரம்பித்து, அதுவே நிலைத்துவிட்டது.

யாரும் அவளைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் திருப்பிச் சண்டையாவது போட்டிருக்கலாம். நாத்தனார் அந்த முப்பத்தொரு நாளும் சாப்பாடு கொண்டுவந்தாள், ஆனால் முகம் பார்த்துப் பேசவில்லை.

சிட்டுவுக்கு நாலு வயதானபோது மறுபடி நாள் தள்ளிப்போனது. ஒன்றே போதும் என்று இருவரும் பேசி வைத்திருந்தார்கள். அவள் விஷயத்தைச் சொன்னதும் அவன் முகம் மலர்ந்தது, மலர்ந்த வேகத்திலேயே சுருங்கியது.

"பயமா இருக்கா?" என்று கேட்டான்.

"இருக்கு. உங்களுக்கு?"

"அந்தப் படியில உன்னைத் தூக்கினது நான்தானே" என்று மட்டும் சொன்னான்.

டாக்டரம்மா பழைய காகிதங்களையெல்லாம் படித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "திரும்ப வரலாம், வராமலும் போகலாம். வந்தா நேரத்தோட கண்டுபிடிக்கணும். அவ்வளவுதான் நம்ம கையில இருக்கு" என்றார். மூன்றாம் மாத முடிவிலிருந்து தினமும் சாயங்காலம் ஒரு சின்ன மாத்திரை எழுதிக்கொடுத்தார். வீட்டிலேயே பிரஷர் பார்க்க ஒரு மெஷின் வாங்கச் சொன்னார்.

மறுநாளே அவள் சூப்பர்வைசரிடம் போய் நின்றாள். முதல் தடவை ஐந்து மாதம் வரைக்கும் துப்பட்டாவால் மூடி மறைத்தவள் அவள். இப்போது இரண்டு மாதத்திலேயே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். படியில் விழுந்தது, கண்ணாடிப் பெட்டி, தள்ளிப்போட்ட அந்தப் பத்து நாள் எல்லாம்.

"அந்த வாரம் லீவு கேட்டிருந்தா நான் குடுத்திருப்பேனேம்மா" என்றார் அவர்.

"நான் கேக்கவே இல்லையே சார்."

அவர் ஒரு அட்டையில் அவள் புருஷன் நம்பரையும், ஆஸ்பத்திரி நம்பரையும், வாசலில் நிற்கும் வேன் டிரைவர் நம்பரையும் எழுதி அவள் மேஜைக்குப் பக்கத்துத் தூணில் ஒட்டினார். அதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்குத் தைரியமும் வந்தது, பயமும் வந்தது.

மெஷின் வந்த பிறகுதான் தொல்லை ஆரம்பமானது. எழுந்ததும் ஒரு தடவை, பல் தேய்த்ததும் ஒரு தடவை, சிட்டுவைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்ததும் ஒரு தடவை என்று பட்டையைக் கையில் சுற்றினாள். எண் கொஞ்சம் கூடினால் பயத்தில் மறுபடி பார்ப்பாள், அந்தப் பயத்திலேயே இன்னும் கூடும். ஒரு நோட்டு முழுக்க எண்களாக நிரம்பியது. குளியலறையில் மெஷினின் சத்தம் கேட்டு அவன் கதவைத் தட்டினான். "உள்ள யாரோட பேசிட்டு இருக்கே?" என்று கேட்டான். அவள் குழாயைத் திறந்துவிட்டாள்.

ஏழாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கடைக்குப் போய்விட்டு மூன்று மாடி ஏறி வந்து, உட்காராமலேயே பட்டையைச் சுற்றினாள். நூற்று நாற்பத்தாறு, தொண்ணூற்றாறு என்று வந்தது. அந்த நோட்டில் அவ்வளவு பெரிய எண் வந்ததே இல்லை. சிட்டுவை நாத்தனார் வீட்டில் தள்ளிவிட்டு இருவரும் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அங்கே படுக்க வைத்து, மூன்று தடவை பார்த்து, சிறுநீர் சோதித்து, எல்லாம் சரியாக இருக்கிறது என்று மூன்று மணி நேரத்தில் திருப்பி அனுப்பினார்கள். பணியில் இருந்த சின்ன வயது டாக்டர், "பதட்டத்துல கூடியிருக்கு. மனசை அமைதியா வெச்சுக்கங்க" என்றார். அமைதியை எந்தக் கடையில் வாங்குவது என்று கேட்க வாய்வரைக்கும் வந்தது. அவமானமாக இருந்ததால் கேட்கவில்லை.

வெளியே வரும்போது ஒரு மூத்த நர்ஸ் அவளை நிறுத்தி, எப்படிப் பார்த்தாய் என்று விசாரித்தார். நின்றுகொண்டே பார்த்ததைச் சொன்னதும் தலையில் கை வைத்துக்கொண்டார். "அஞ்சு நிமிஷம் சும்மா உக்காரணும். முதுகு சாஞ்சிருக்கணும், ரெண்டு பாதமும் தரையில இருக்கணும், கை நெஞ்சு உயரத்துல மேஜை மேல இருக்கணும். பேசக் கூடாது. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, அதோட சரி. இது பிரஷர் பார்க்கிற மெஷின். ஆறுதல் சொல்ற மெஷின் இல்ல."

"ஒண்ணுமில்லாததுக்கு வந்து உங்க நேரத்தை வீணாக்கிட்டேன்."

"ஒண்ணுமில்லைன்னு எங்க கண்ணால பார்த்து அனுப்பறதும் எங்க வேலைதான். மறுபடி தோணினா மறுபடி வா" என்றார்.

சிட்டுவைக் கூட்டிக்கொள்ள நாத்தனார் வீட்டுக்குப் போனார்கள். நாத்தனார் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஒண்ணும் இல்லையாம் அண்ணி. சும்மா அலைச்சல்."

நாத்தனார் செருப்பு வைக்கும் பலகையைத் துடைக்க ஆரம்பித்தாள். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. "சும்மா அலைஞ்சாலும் பரவால்ல" என்றாள் குனிந்தபடியே. "அன்னிக்கு கால் வீங்கினா ஒண்ணுமில்லன்னு சொன்ன வாய்தான் இது. எனக்கு மூணும் லேசா நடந்துபோச்சு. எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன்." கொஞ்சம் நிறுத்தி, "எந்த நேரம்னாலும் பிள்ளையை இங்க கொண்டுவந்து விட்டுட்டுப் போ. எதுக்கு, ஏன்னு கேக்க மாட்டேன்" என்றாள்.

நாலரை வருஷம் கழித்து வந்த பேச்சு. அவள் குனிந்து பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு மெஷினை அலமாரியின் மேல்தட்டில் வைத்து, இரண்டு வேளைக்கு மட்டும் எடுத்தாள். கை சும்மா இருக்கவில்லை. பையை எடுத்து வைத்தாள், பிரித்தாள், மறுபடி அடுக்கினாள். சின்னச் சட்டை ஆறு, துணி பன்னிரண்டு, பழைய மருத்துவக் காகிதம் எல்லாவற்றுக்கும் நகல் என்று வைத்தாள். சிட்டு பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு சட்டையாகத் தன் மார்பில் வைத்து அளந்தது.

"இந்தப் பாப்பாவும் கண்ணாடிப் பெட்டிக்குள்ள இருக்குமா?"

புருஷனின் போனில் இருந்த பழைய படத்தை அது பார்த்திருக்கிறது. இருக்காது என்று சொல்ல அவள் வாய் திறந்தாள். தெரியாததை எப்படிச் சொல்வது?

"தெரியல கண்ணு. இருந்தாலும் இருக்கும்."

"நான் இருந்தேன்ல?"

"இருந்தே."

"போர் அடிச்சுச்சா?"

"உனக்கா எனக்கா?"

சிட்டு யோசித்து, "ரெண்டு பேருக்கும்" என்றது. பிறகு தன் துணிப்பொம்மையைப் பைக்குள் திணித்தது. பெட்டிக்குள் இருந்தால் துணைக்கு வேண்டுமாம்.

முப்பத்தைந்து வாரம் முடிந்த மறுநாள் அது வந்தது. காலையில் பார்த்த எண் நூற்று இருபத்தெட்டு, எண்பத்து நாலு. கால் வீங்கவில்லை. தலைவலி இல்லை. அந்த வாரத்தோடு லீவு ஆரம்பம் என்பதால் கொஞ்சம் உற்சாகமாகவே மேஜைக்கு வந்தாள். அன்று கறுப்புச் சட்டைகள். பதினோரு மணிவாக்கில் ஒரு சட்டையின் தோள்பக்கம் வெள்ளைப் புள்ளி ஒன்று தெரிந்தது. ஸ்டிக்கர் ஒட்டினாள். அடுத்த சட்டையின் பையில் இரண்டு புள்ளி. அதற்கடுத்ததில் ஏழெட்டு. மில்லில் இருந்தே கெட்ட துணி வந்திருக்கிறது என்று அலுத்துக்கொண்டு நாலு சட்டையைத் திருப்பி அனுப்பினாள்.

பக்கத்து மேஜைப் பெண் அவற்றை எடுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, இதுல ஒண்ணுமே இல்லையே. எதுக்கு ஒட்டினீங்க?"

அவள் வாங்கி விளக்குக்கு அடியில் பிடித்தாள். புள்ளிகள் இருந்தன. சட்டையை மெல்ல நகர்த்தினாள். துணி நகர்ந்தது, புள்ளிகள் நகரவில்லை. தலையைத் தூக்கிச் சுவரைப் பார்த்தாள். சுவரிலும் மினுக்கின.

உடனே எழுந்துவிட்டாள் என்று சொன்னால் அது பொய். உட்கார்ந்தே இருந்தாள். காலையில் எண் சரியாகத்தானே இருந்தது, அந்த ஞாயிற்றுக்கிழமை மாதிரி ஓடிப்போய் அசடு வழியப் போகிறாயா என்று ஒரு குரல். மதியம் சரக்கு ஏற்ற வேண்டும் என்று இன்னொரு குரல். இந்த இரண்டாவது குரல் அவளுக்கு நன்றாகப் பழக்கமானது. அதைக் கேட்டதும்தான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"சார், எனக்குக் கண்ணுல என்னமோ பண்ணுது. ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்பவே."

சூப்பர்வைசர் வேன் டிரைவருக்குப் போன் போட்டுக்கொண்டே படியிறங்கினார். பக்கத்து மேஜைப் பெண் அவளோடு ஏறிக்கொண்டாள். வழியில் அவளே புருஷனுக்குப் போன் போட்டு, "பயப்படாதீங்க, நடந்துதான் வண்டியில ஏறினேன்" என்று சொன்னாள். அவன் அப்போது ஏதோ ஒரு கட்டடத்தின் ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் கூண்டின் மேலே நின்றுகொண்டிருந்தானாம். எப்படிக் கீழே வந்தேன் என்று இன்றுவரை தெரியாது என்பான்.

ஆஸ்பத்திரியில் நூற்று அறுபத்தெட்டு, நூற்றுப் பத்து இருந்தது. சிறுநீரிலும் கெட்ட சேதி. அந்தச் சின்ன வயது டாக்டர்தான் அன்றும் இருந்தார். அவர் அவளைத் தள்ளுபடுக்கையில் ஏற்றித் தானே தள்ளிக்கொண்டு போனார். வலிப்பு வராமல் இருக்க ஊசி போட்டார்கள். உச்சந்தலையிலிருந்து பாதம் வரை நெருப்பு ஓடியது போல இருந்தது. "எரியும்னு சொல்லியிருக்கணும், எரிஞ்சா பயப்படாதீங்க" என்றார் டாக்டர். இந்தத் தடவை அவள் விழித்திருந்தாள். முதுகில் ஊசி போட்டு, மார்புக்குக் கீழே திரை கட்டினார்கள். திரைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியவில்லை. புருஷன் தலைமாட்டில் உட்கார்ந்து அவள் காதைப் பிடித்துக்கொண்டிருந்தான். கையைத்தான் பிடிக்க வந்திருக்கிறான், அதில் குழாய் இருந்ததால் காதைப் பிடித்துவிட்டான்.

அழுகை கேட்டது. கோபமான, தெளிவான அழுகை. சிட்டு பிறந்தபோது அவள் கேட்காத சத்தம்.

பையன், இரண்டு கிலோ இருநூறு கிராம். சில மணி நேரம் கண்காணிப்பில் வைத்துவிட்டு, மூச்சு நன்றாக இருக்கிறது என்றார்கள். அவளுடைய அழுத்தம் இறங்க மேலும் ஒரு நாள் ஆனது. பிரசவத்துக்குப் பிறகும் ஆறு வாரம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், இனிமேல் வருஷா வருஷம் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொன்னார். நாத்தனார் வீட்டிலிருந்து சிட்டு போனில், "பெட்டியா, பெட்டி இல்லையா?" என்று கேட்டது. இல்லை என்றதும், "அப்ப என் பொம்மையைத் திருப்பி அனுப்பு" என்றது.

இரண்டாம் நாள் சாயங்காலம் குழந்தையைக் கொண்டுவந்து அவள் பக்கத்திலேயே படுக்க வைத்துவிட்டு நர்ஸ் போய்விட்டார். அவள் திகைத்துப் போனாள். சிட்டுவைத் தொடக் கையை நீட்டக்கூட அனுமதி கேட்டவள் அவள். இங்கே குழாய் இல்லை, கண்ணாடி இல்லை, சத்தமிடும் மானிட்டர் இல்லை. குழந்தை முகத்தைச் சுளித்து அழ ஆரம்பித்தது. வழியில் போன நர்ஸைப் பதறிக் கூப்பிட்டாள்.

"இவன் அழறான். என்ன ஆச்சு பாருங்க."

நர்ஸ் எட்டிப் பார்த்தார். "ரெண்டாவது பிள்ளைதானே? பசிக்குதும்மா அவனுக்கு."

"தூக்கலாமா?"

"உன் பிள்ளைதான், தூக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

தையல் போட்ட வயிறு வலிக்க, ஒரு கையை அவன் கழுத்துக்குக் கீழே கொடுத்தாள். இரண்டு நாள் பிள்ளையை அவள் தூக்கியதே இல்லை. தலை எந்தப் பக்கம் சாயும், எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது என்று எதுவும் தெரியவில்லை. அவன் கத்திக்கொண்டே இருந்தான். அவள் பயந்துகொண்டே அவனைத் தூக்கினாள்.