குழாயின் மறுமுனை

அந்தத் தெருவில் அவளை எல்லோரும் மெதுவாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். சைக்கிளில் போகிறவனைப் பார்த்தாலும் "மெதுவா", மாடிப்படி இறங்குகிறவளைப் பார்த்தாலும் "மெதுவா". சும்மா உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால்கூட, எழுந்திருக்கும்போது தேவைப்படுமே என்று முன்கூட்டியே ஒரு "மெதுவா" சொல்லிவைப்பாள். கண்ணாடியோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு வேறு என்ன வாயில் வரும்?

அவள் புருஷன் கண்ணாடி ஊதுகிறவர். ஆய்வுக்கூடங்களுக்கு வேண்டிய நீளக் குழாய், குடுவை எல்லாம் வீட்டு முன்னறையில் வைத்துச் செய்கிறார். ஊர் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பேர் வைத்துவிட்டதால், மூக்குக்கண்ணாடி ஒடிந்தவர்களும் அவ்வப்போது வந்து நிற்பார்கள். அவரும் சலித்துக்கொள்ளாமல் ஒரு திருகாணியைப் போட்டுக் கொடுத்தனுப்புவார்.

கல்யாணமான புதிதில் ஒரு நாள் உதவியாள் வரவில்லை. "இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பிடி, ஒரு நிமிஷம்" என்றார். அந்த ஒரு நிமிஷம் இன்னும் முடியவில்லை. அவர்கள் மகள் பிறந்து, படித்து, கல்யாணமாகி வெளியூர் போய்விட்டாள். இவள் இன்னும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நீளமான இரண்டு குழாய்களை ஒட்டுவது ஒற்றை ஆள் வேலை அல்ல. அவர் ஒரு முனையைப் பிடித்து உருட்டுவார், அவள் எதிரே உட்கார்ந்து மறுமுனையை உருட்டுவாள், நடுவில் தீ எரியும். இரண்டு பேர் கையும் ஒரே வேகத்தில் உருட்டவேண்டும். ஒரு கை முந்தினால் இளகிய கண்ணாடி துணி பிழிந்த மாதிரி முறுக்கிக்கொள்ளும். ஊதுவதற்கான ரப்பர் குழாயை வாயில் கவ்வியிருப்பதால் அவரால் பேச முடியாது. அதனால் பட்டறையில் அவர்கள் சண்டை போட்டதே கிடையாது. எல்லாச் சண்டையையும் சேர்த்துவைத்துச் சமையலறையில் போடுவார்கள்.

போன மழைக்காலத்தில் அவளுடைய வலது கை மரத்துப்போக ஆரம்பித்தது. முதலில் கட்டைவிரலில் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. அப்புறம் பக்கத்து விரல்களுக்கும் பரவியது. ரவிக்கைக் கொக்கியைக் குனிந்து பார்த்துப் பார்த்து மாட்டவேண்டியிருந்தது. டாக்டர் மணிக்கட்டை அழுத்திப் பார்த்துவிட்டு, "உருட்டுற வேலைய இன்னையோட விட்டுடுங்கம்மா. இல்லேன்னா நாளைக்கு ஒரு டம்ளரக்கூடப் பிடிக்க முடியாது" என்றார்.

வீட்டுக்கு வந்து, "ஏதோ சத்துக் குறைவாம்" என்று சொல்லிவிட்டாள். நோயைவிட அவளுக்குப் பெரிய பயம் ஒன்று இருந்தது. கை போய்விட்டால் அந்த முன்னறையில் தனக்கு என்ன வேலை? பெருக்கித் துடைக்க மட்டும் உள்ளே போய்வருகிறவளாக ஆகிவிடுவோமோ?

ஆனால் கண்ணாடியிடம் பொய் செல்லுமா? ஒரு நாள் காலை குழாய் அவள் விரலிலிருந்து நழுவியது. பிடி விட்டதே அவளுக்குத் தெரியவில்லை. பழுத்த முனை அவர் முன்கையில் போய் விழுந்தது. அவர் தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு, மறுகையால் அவள் விரல்களை ஒவ்வொன்றாக நசுக்கிப் பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்லங்க."

"நான் நல்லா அழுத்துறேன். எப்படி வலிக்காம இருக்கும்?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் மறுநாளே பழைய இரும்புக் கடைக்குப் போனார்.

"லேத் பண்ணப் போறேன். ரெண்டு முனையையும் அதுவே பிடிச்சுக்கும், அதுவே சுத்தும். உன் கைக்கு இனிமே ஓய்வு" என்றார். பாவம், அவர் நல்ல மனசோடுதான் சொன்னார். அவள் காதில் அந்தக் கடைசி வார்த்தைதான் நின்றது.

அவளுடைய தம்பி வெல்டிங் வேலை செய்கிறவன். அவன் வந்து இரும்புச் சட்டங்களை இணைத்து நீளமான படுக்கை ஒன்று அடித்துக் கொடுத்தான். அதன் மேல் இரண்டு தலைகள், ஒவ்வொன்றிலும் குழாயைக் கவ்விப் பிடிக்கும் ஒரு சக். இடது தலையை நிரந்தரமாகப் பொருத்திவிட்டார்கள். வலது தலை தண்டவாளத்தில் நகர்ந்து வந்து, குழாய்கள் தொட்டதும் நான்கு போல்ட்டில் இறுகி நின்றுவிடும். கீழே ஓடுகிற ஒரே தண்டிலிருந்து இரண்டுக்கும் சைக்கிள் செயின். பெல்ட் போட்டால் வழுக்கும், ஒரு தலை பிந்தும் என்று அவர் அலைந்து திரிந்து ஒரே மாதிரிப் பல்சக்கரங்களாகப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். மோட்டாருக்கு மட்டும் வழியில்லை.

"உன் தையல் மிஷின் மோட்டார எடுத்துக்கட்டுமா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"எடுத்துக்கங்க, அதுக்கென்ன" என்றாள். தன்னை வேலையை விட்டு அனுப்பப்போகிற மிஷினுக்குத் தன் மோட்டாரையே கழற்றிக் கொடுத்தவள் உலகத்தில் இவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள்.

முதல் ஓட்டத்தில் இரண்டு சக்குகளும் இம்மி பிசகாமல் சேர்ந்து சுற்றின. தம்பிக்குத் தலைகால் புரியவில்லை. "மாமா, அக்காவ விட இது நல்லா சுத்துது. 'மெதுவா மெதுவா'ன்னு உயிரையும் வாங்காது!"

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்துவைத்துவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதுபோல உள்ளே போய்விட்டாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.

ஆனால் ஒட்டிய குழாய் ஒன்றுகூட நிற்கவில்லை. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். சூளைப்பெட்டியில் வைத்து மெல்ல ஆறவிட்டு எடுத்தால், ஒட்டிய இடத்தைச் சுற்றி மயிரிழை மாதிரி ஒரு விரிசல் ஓடியிருக்கும். ஒட்டிய இடம் தடித்துப்போகிறது, தடித்த இடம் ஒரு மாதிரியும் மற்ற இடம் ஒரு மாதிரியும் ஆறுகிறது, அதனால் விரிகிறது. அதுவரை அவருக்கும் தெரிந்தது. ஏன் தடிக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை. தீயைக் கூட்டினார், குறைத்தார். பேரிங்கைக் கழற்றி மாட்டினார். நூல் கட்டி இரண்டு தலையும் நேராக இருக்கிறதா என்று பார்த்தார். வலது தலை இம்மியளவு நகர்கிறதோ என்று சந்தேகப்பட்டு, போல்ட்டுகளை இன்னும் முறுக்கினார்.

திங்கட்கிழமை அவள் சுவரோரமாக உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடி இளகியது. அவர் ஊதினார். ஊதி முடித்து அவர் மூச்சு ஒரு கணம் நின்றது. அப்போது மடியில் சும்மா கிடந்த அவளுடைய வலது கை, தானாக, அரை விரற்கடை வெளிப்பக்கம் நகர்ந்தது.

அவள் திடுக்கிட்டுக் கையைப் பார்த்தாள். இத்தனை வருஷமும் அதைத்தான் செய்துகொண்டிருந்திருக்கிறாள். அவர் மூச்சு நின்றதும் ஒரு சின்ன இழுப்பு. அந்த இழுப்பில்தான் தடித்த கண்ணாடி மெலிந்து, மற்ற இடத்தோடு சமமாகும். யாரும் சொல்லித்தந்ததில்லை, கை தானாகக் கற்றுக்கொண்டது. மறுமுனை சும்மா சுற்றினால் போதும் என்று அவர் நினைத்திருந்தார். அதனால்தான் அதை நான்கு போல்ட் போட்டுக் கட்டிப்போட்டிருக்கிறார்.

சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. தன்னிடம் மிச்சம் இருப்பது இது ஒன்றுதான், இதையும் எடுத்து மிஷினுக்குக் கொடுத்துவிட்டால் அப்புறம் நான் யார் என்று தோன்றியது. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். மறுநாளும் அதையேதான் சொல்லிக்கொண்டாள். அவர் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோவதைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கும் ஒரு வாய் இறங்கவில்லை. திருடியவள் மாதிரி அவர் முகத்தைப் பார்க்காமல் நடமாடினாள்.

வியாழக்கிழமை மத்தியானம் அவர் அவளுடைய தம்பியோடு போனில் பேசுவது சமையலறைவரை கேட்டது.

"மிஷின்ல கோளாறு இல்லடா. கோளாறு எங்கிட்டதான். எனக்கு ஊத வரல. கண்ணு போச்சோ, பதம் மறந்துபோச்சோ தெரியல. பர்னர யாராவது கேட்டா சொல்லு, குடுத்துடலாம்."

இது இப்படித் திரும்பும் என்று அவள் நினைக்கவே இல்லை. ஈரக்கையைத் துடைக்காமல் அப்படியே முன்னறைக்கு ஓடினாள்.

"ஏங்க, அந்த போல்ட்ட அவுத்துவிடுங்க."

"எதுக்கு? அது அசையக் கூடாதுன்னுதானே இறுக்கி வெச்சிருக்கேன்."

"அசையணும். நான் இழுப்பேன்ல?"

"நீ எங்க இழுத்த?"

"நீங்க ஊதி முடிச்சு மூச்ச நிறுத்துவீங்க பாருங்க, அப்ப. கொஞ்சூண்டு."

அவர் குழாயைக் கீழே வைத்தார். "எல்லாத் தடவையுமா?"

"எல்லாத் தடவையும்தான்."

"இத்தன வருஷத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"எனக்கே தெரியாதுங்க. அன்னைக்கு உக்காந்து பாக்குறப்பதான் தெரிஞ்சுது."

அதோடு நிறுத்தியிருக்கலாம். அவர் அடுத்ததைக் கேட்காமலும் இருந்திருக்கலாம். கேட்டார்.

"என்னைக்கு?"

இன்றைக்குக் காலையில் என்று சொன்னால் முடிந்துபோகும். அவள் வாயில் அதுதான் முதலில் வந்தது.

"திங்கக்கெழம" என்றாள்.

அவர் பர்னரை அணைத்தார். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். மரத்த விரல் என்பதால் எவ்வளவு இறுக்கினாலும் தெரியவில்லை.

"திங்கக்கெழமையிலேர்ந்து நான் தூங்கல" என்றார் அவர்.

"தெரியும். பக்கத்துலதான படுத்திருந்தேன். நானும் தூங்கல." அழுகை முட்டிக்கொண்டு வந்தது. "இதையும் சொல்லிட்டா அப்புறம் உங்களுக்கு நான் எதுக்குன்னு இருந்துச்சு. பயமா இருந்துச்சுங்க."

அவர் ஸ்பானரை எடுத்து நான்கு போல்ட்டுகளையும் ஒவ்வொன்றாகத் தளர்த்தினார். முதலில் தனியாக முயன்று பார்த்தார். ஊதும்போது இழுக்க மறந்தார், இழுக்க நினைத்தபோது ஊதுவது கெட்டது. தன் மூச்சு எப்போது நிற்கிறது என்பது அவருக்கே தெரியவில்லை. அப்புறம் வலது தலையில் நீளமாக ஒரு கம்பியை வளைத்துக் கைப்பிடி மாதிரி மாட்டி, விரல் வேண்டாம், முழங்கையை மடக்கி மாட்டிக்கொண்டாலே போதும் என்று சைகையில் காட்டினார். வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்துவிடும்? அவர் கோபம் அப்படி. அந்தக் கோபம் நியாயமானதுதான் என்று அவளுக்குத் தெரியும்.

அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கம்பியில் முழங்கையை மாட்டிக்கொண்டாள். அவர் புதிதாக இரண்டு குழாய்களை மாட்டி, மோட்டாரை ஓடவிட்டு, பர்னரைப் பற்றவைத்தார். இரண்டு முனையும் பழுத்து, தொட்டு, ஒன்றாகின. அவளைப் பார்க்காமலே ரப்பர் குழாயை வாயில் கவ்வி ஊதினார். மூச்சு நின்றது. அவள் இழுத்தாள்.