கதவும் பிரேக்கும்

லிஃப்ட் எப்படி இயங்க வேண்டும் என்ற ஒவ்வொரு விதிக்கும் கணினியில் ஓர் அடையாள எண் இருந்தது. டோர் என்பதால் ‘டி’ பெற வேண்டிய கதவு விதிகள் ‘பி’ என்றும், ‘பி’ பெற வேண்டிய பிரேக் விதிகள் ‘டி’ என்றும் தலைகீழாகப் பதிவாகியிருந்தன. அதைத் திருத்த உட்கார்ந்த இளம் பொறியாளர் ஒருத்தி எல்லா ‘பி’யையும் மொத்தமாக ‘டி’ ஆக்கினாள். பட்டியலை உருட்டிப் பார்த்தால் எல்லாமே ‘டி’. இப்போது எது கதவு, எது பிரேக்? சோதனையில் ஒரு பிரேக் விதி விடுபட்டாலும் உயிர் போகும்.

“என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?” என்றாள் பக்கத்து மேசைக்காரி.

“ரெண்டும் கலந்துபோச்சுக்கா.”

“ரெண்டு டப்பாவுல இருக்கறத மாத்தணும்னா மூணாவது டப்பா எடுக்க மாட்டியா? பழையபடி ஆக்குற பட்டன அமுக்கு, தாயே!”

அமுக்கினாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ‘பி’க்கள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

இந்த முறை முதலில் அந்த ‘பி’க்களுக்கு, மூன்றாவது டப்பாவாக, ‘தற்காலிகம்’ என்று பெயர் வைத்தாள்.