கட்டைவிரல் பள்ளம்

கேட்காத இடத்தில் யோசனை சொல்லி மூக்குடைபடுவது எனக்குக் கைவந்த கலை. அந்தமானில், ஹேவ்லாக் தீவின் படகுத்துறை அருகே தேங்காயெண்ணெய் சோப்பு செய்து விற்கும் பெண்மணியிடமும் அதைத்தான் காட்டினேன். நரை எட்டிப்பார்க்கும் கொண்டை, காரநீரில் வெளிறிய விரல்கள். சோப்பு இறுகிவிட்டதா என்று ஒவ்வொன்றையும் கட்டைவிரலால் அமுக்கிப் பார்ப்பார். அந்தச் சின்னப் பள்ளம் அப்படியே நின்றுவிடும்.

மேல்தட்டில் தனியாக இருந்த ஒன்றில் மட்டும் பள்ளம் பெரிது. கேட்காமலே எடுத்துக் குழாயடியில் நுரைக்க நுரைக்கத் தேய்த்தேன்.

“நுரை பிரமாதம்க்கா! பள்ளம் போயிடுச்சு பாருங்க. இப்படி வழவழன்னு இருந்தாத்தான் மெயின்லேண்ட் டூரிஸ்ட் வாங்குவான்.”

அவர் அதை வாங்கி, முந்தானையால் துடைத்து, பள்ளம் இருந்த இடத்தைத் தடவினார்.

“இது எங்க வீட்டுக்காரர் அமுக்குனது.”

“அதுக்கென்னக்கா, இன்னொண்ணு அமுக்கித் தரச் சொன்னாப் போச்சு!”

“அவரு செத்து மூணு மாசமாச்சு, தம்பி.”