ரவையில் சோதித்த குழாய்

எண்பதுகளின் தொடக்கம் அது. திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டில் சொந்தமாக ஒரு லேத் பட்டறை வைத்திருந்தேன். பம்புசெட் ஷாஃப்ட், வண்டி புஷ் என்று வேலைக்குக் குறைவில்லை. அளவு பிசகாது என்று பெயர் எடுத்திருந்ததால் எனக்கு வாயும் கொஞ்சம் நீளம்தான்.

ஒருநாள் எலும்பு டாக்டர் ஒருவர் படம் வரைந்த தாளோடு வந்தார். கிணற்றில் விழுந்து காலை முறித்துக்கொண்ட ஒரு விவசாயிக்கு ஒரு வருஷமாகியும் எலும்பு கூடவில்லையாம். அவருடைய இடுப்பிலிருந்தே கொஞ்சம் எலும்பு எடுத்து, பொடியாக நறுக்கி, அந்த இடைவெளியில் நிரப்ப வேண்டும். இடுக்கியால் வைத்தால் பாதி வெளியே சிந்திவிடுகிறது. அதனால் ஒரு எவர்சில்வர் குழாயும், உள்ளே விட்டுத் தள்ள ஒரு கோலும் கேட்டார். இதிலும் கூடவில்லை என்றால் காலையே எடுக்க வேண்டியதுதான் என்றார்.

கிளம்பும்போது, "கறிக்கடையில ஆட்டெலும்பு வாங்கி, ரத்தத்தோட நறுக்கிப் போட்டுத் தள்ளிப் பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது கார்த்திகை மாதம். நான் மலைக்குப் போக மாலை போட்டு விரதத்தில் இருந்தேன். எலும்பையும் ரத்தத்தையும் எப்படித் தொடுவது? கிரீஸ் அடிக்கும் கன் மாதிரி முனையை மட்டும் ஒடுக்கி, கண்ணாடிபோல மெருகேற்றி, ரவையைத் தண்ணீரில் பிசைந்து போட்டுத் தள்ளினேன். வழுக்கிக்கொண்டு வந்தது. டாக்டர் கேட்டபோது, "பாத்துட்டேன் சார், ஜோரா வேலை செய்யுது" என்றேன். எதில் பார்த்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

நாலாம் நாள் அவரே குழாயைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். முனையில் எலும்பு இறுகிக் கிடந்தது. "பாதிதான் உள்ள போச்சு. இனி மறுபக்க இடுப்புல எடுத்து, காலை இன்னொரு தரம் திறக்கணும். எதுல பாத்தீங்க?"

"ரவையில சார்."

என் கழுத்து மாலையைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. "எப்ப மாத்தித் தருவீங்க?" என்று மட்டும் கேட்டார்.

அன்றே கறிக்கடைக்குப் போனேன். என்னைக் கண்டதும் கடைக்கார பாய், "சாமி, மாலையோட இந்தப் பக்கம் வராதீங்க, அங்கயே நில்லுங்க" என்று குரல் கொடுத்தார். கையைக் கழுவிக்கொண்டு ரோட்டைத் தாண்டி வந்து, விஷயத்தைக் கேட்டுக் குழாயை வாங்கிப் போனார். நான் எதிர்ப்பக்கமே நின்றேன். எலும்பை நறுக்கிப் போட்டுத் தள்ளிப் பார்த்துவிட்டு, அங்கிருந்தே சொன்னார்: "ஜவ்வு ஜாஸ்தி சாமி. தள்ளத் தள்ள மூக்குலயே அடைக்குது. இந்த மூக்கே வேணாம், நேரா உட்டுடுங்க."

தொழில் தெரிந்த எனக்கு இது தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. முனை ஒடுங்காமல், ஒரே அகலத்தில் இரண்டு குழாய் செய்தேன். ஒன்றைப் பாய் பத்து தடவை தள்ளிப் பார்த்து, ஒரு தடவைகூட அடைக்கவில்லை என்றார். மற்றதை டாக்டரிடம் கொடுத்தேன். எதில், எங்கே, யார் சோதித்தது என்று இந்த முறை முழுசாகச் சொன்னேன்.

பல மாதம் கழித்து ஒருவர் தடியூன்றிப் பட்டறைக்குள் நடந்து வந்தார். கையில் ஒரு பை வேர்க்கடலை. அந்த விவசாயிதான். இரண்டு பக்க இடுப்பிலும் இருந்த தழும்பைக் காட்டிவிட்டு, "ரெண்டு தரம் செஞ்சீங்களாமே, டாக்டர் சொன்னாரு. எனக்கோசரம் இவ்ளோ மெனக்கெட்டீங்களே" என்று கும்பிட்டார்.

டாக்டர் அவ்வளவுதான் சொல்லியிருக்கிறார். அந்த இரண்டாவது தழும்பு என்னால் வந்தது என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. கடலையை வாங்கி வைத்துக்கொண்டேன். வீட்டில் வறுத்து எல்லோரும் சாப்பிட்டார்கள், நான் தொடவில்லை.

அவரிடம் சொல்லாமல் விட்டது இன்றும் உறுத்துகிறது; "பாத்துட்டீங்களா?" என்று யார் கேட்டாலும், அந்த இரண்டாவது தழும்பு கண்முன் வந்து நின்ற பிறகுதான் என்னால் பதில் சொல்ல முடிகிறது.